ஏழாவது கேள்வி

ஜூலை 1, திங்கள்

பதினொன்று இருபதுக்கு அப்பா அழைத்தார். "வந்துருச்சு கண்ணு" என்றார். பின்னால் பட்டறையில் லேத் ஓடும் சத்தம் கேட்டது. கணபதி பகுதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் அப்பா ஸ்டோர் கீப்பர். வந்துவிட்டது என்று அவர் சொன்னது என் சம்பளத்தை. வங்கியில் பதிந்திருப்பது அவருடைய கைபேசி எண், அதனால் செய்தி அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு மாதமும் அவர் அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரு வருடமாக இது பழகிவிட்டது.

அவர் அழைத்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். 'சிட்டுப்பை' செயலியில் தமிழ்ப் பகுதி முழுவதும் என் பொறுப்பு. பத்து வயதிலிருந்து பதினேழு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நீல அட்டை கொடுக்கிறோம். பெற்றோர் அதில் பணம் போடுவார்கள், பிள்ளை கடையில் தேய்த்து வாங்கலாம். கூடவே பணம் பற்றிய சின்னச் சின்னப் பாடங்களும் கேள்விகளும் இருக்கும். பிள்ளை எதை வாங்கினாலும் அடுத்த நொடி வீட்டுக்குச் செய்தி போய்விடும். 'உங்கள் மகள் பள்ளிக் கேன்டீனில் ஒரு பப்ஸ் வாங்கியிருக்கிறாள்' என்று ஒரு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தேன். குழுத் தலைவர் ரோகிணி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, படிக்கும்போதே பப்ஸ் வாசனை வருகிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் அப்பா வழக்கம்போல வாரத்துக்கான ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தார். என் ஏடிஎம் அட்டை அவருடைய மூக்குக்கண்ணாடி உறைக்குள் இருக்கிறது. நான் பொருட்களைத் தொலைப்பவள். அங்கே பத்திரமாக இருக்கும்.

ஜூலை 4, வியாழன்

டிசைன் பிரிவு ஷெரினுக்குப் பிறந்தநாள். எல்லோரும் வெளியே பிரியாணி சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசியில்லை.

ஜூலை 5, வெள்ளி

நான்காம் பாடம் முடிந்தது. அட்டையைப் பாதுகாப்பது எப்படி என்பது தலைப்பு. பத்துக் கேள்விகள். ஏழாவது இது:

உன் அட்டையின் ரகசிய எண்ணை யாரிடம் சொல்லலாம்?
அ. அப்பா
ஆ. நெருங்கிய தோழி
இ. வகுப்பு ஆசிரியை
ஈ. யாரிடமும் சொல்லக் கூடாது

சரியான விடை ஈ. எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ரோகிணியும் பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் அனுப்பிவிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

சோதனைப் பதிப்பை வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் அம்மாவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகப் பாவித்து உட்கார வைத்தேன். ஆறு கேள்விகள் வரை அம்மா பிழையில்லாமல் வந்தாள். ஏழாவதில் விரல் நின்றது.

"என்ற கார்டு நம்பரு எனக்கே தெரியாது. அப்பறம் நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா சிரித்துக்கொண்டே கைபேசியை வாங்கினார். கேள்வியைச் சத்தமாகப் படித்தார். யோசிக்காமல் 'அ'வைத் தொட்டார். திரையில் வந்த சிவப்புக் குருவி இல்லை என்று தலையாட்டியது. இன்னொரு முறை 'அ'வைத் தொட்டார். குருவி மறுபடியும் தலையாட்டியது. மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

"தப்பாப் போட்டு வெச்சிருக்காங்க கண்ணு. நாளைக்கு ஆபீசுல சொல்லீரு."

சொல்கிறேன் என்றேன். எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்து டிவி மேல் வைத்தார். அந்த உறையை மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இத்தனை நாள் அதை நான் கவனித்ததில்லை.

ஜூலை 10, புதன்

அவிநாசி சாலையில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முன்னோட்டத்துக்காக எல்லோருக்கும் நீல அட்டை கொடுத்திருக்கிறோம். இன்று நான்காம் பாடத்தை நான் நேரில் போய் நடத்தினேன்.

ஏழாவது கேள்விக்கு முப்பத்தொரு பேர் அப்பா என்று போட்டார்கள். இரண்டு பேர் தோழி. ஐந்து பேர்தான் யாரிடமும் கூடாது என்று போட்டவர்கள். அந்த ஐவரில் ஒருத்தி தர்ஷிகா, கடைசிப் பெஞ்சு, இரட்டைச் சடை. மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். உங்க அப்பா என்ன திருடனா என்று ஒருவன் கேட்டான். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. எங்க அப்பா நல்லவருதான், ஆனா அவரு அந்த நம்பரை போன்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்திச் சொல்லுவாரு என்றாள். வகுப்பே அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, உங்க கார்டக் காட்டுங்க."

மாதிரிக்கு வைத்திருந்த நீல அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"இதில்லக்கா. உங்களோடது. உங்க பேரு போட்டது."

வீட்டில் இருக்கிறது என்றேன். ஏன் எடுத்து வரவில்லை, வழியில் ஏதாவது வாங்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள், பஸ்ஸுக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே என்றேன். அதையும் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டாள்.

"வீட்ல யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பொய் சொல்லும் தங்கைக்கு அக்கா விட்டுக்கொடுப்பாளே, அப்படி. அவளுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு இருபத்து மூன்று.

ஜூலை 11, வியாழன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஜூலை ஒன்றாம் தேதி எழுதியதையும். 'நான் பொருட்களைத் தொலைப்பவள்.' உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், நான் எதைத் தொலைத்திருக்கிறேன்? ஐந்தாம் வகுப்பில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். அதுவும் அடுத்த நாளே கிடைத்துவிட்டது.

அந்தக் கணக்கு நான் பிளஸ் ஒன் படிக்கும்போது கல்வி உதவித்தொகைக்காகத் தொடங்கியது. அப்போது எனக்குக் கைபேசி இல்லை, அப்பா எண்ணைக் கொடுத்தோம். வேலை கிடைத்தபோது சம்பளமும் அதே கணக்குக்கு வந்தது. யாரும் எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதனால்தான் அதன் மேல் கோபப்படக்கூட எனக்குத் தோன்றியதில்லை.

டீக்கடையில் எல்லோரும் போனில் ஸ்கேன் செய்கிறார்கள். என் போனில் அது வேலை செய்யாது, வங்கி எண் அப்பாவுடையது. போன நவம்பரில் ஒரு நாவல் வாங்க ஆன்லைனில் அட்டை எண்ணைப் போட்டேன். அந்த எண் எனக்கு மனப்பாடம். ஓடிபி அப்பாவுக்குப் போனது. அழைத்துக் கேட்டேன். என்ன புக்கு கண்ணு என்றார். சொன்னேன். பட்டறையில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி தலைப்பைத் திருப்பிச் சொல்லி, அதென்ன அப்படி ஒரு பேரு என்று சிரித்தார். பிறகு ஓடிபியைச் சொன்னார். புத்தகம் வந்தது. அது நல்ல நாவல், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தச் சிரிப்பு கேட்டது. அதற்குப் பிறகு நான் புத்தகம் வாங்கவில்லை. நூலகம் போதும் என்று இந்த நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். நூலகம் போதவில்லை.

ஒரு பிள்ளையின் பப்ஸ் அவள் அப்பாவுக்குத் தெரிய வேண்டும் என்று நான்தான் அழகழகாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

ஏழாவது கேள்வி வெடித்துவிட்டது. அந்தப் பள்ளியிலிருந்து ஆறு பெற்றோர் புகார் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் குரல் பதிவே அனுப்பியிருக்கிறார். ரோகிணி அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்.

"அப்பனை நம்பாதேன்னு சொல்லிக் குடுக்கறதுக்குத்தான் நாங்க மாசாமாசம் உங்களுக்குக் காசு கட்டறமா?"

விடையை மாற்றச் சொல்கிறார்கள். 'அப்பா அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது' என்று போட்டால் எல்லோருக்கும் சமாதானம். மற்ற எல்லோரும் அதுவே சரி என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. இந்த அலுவலகத்தில் நான் அந்தச் சொல்லைச் சொல்வது இதுதான் முதல் முறை. ஷெரின் நிமிர்ந்து பார்த்தாள்.

கூட்டம் முடிந்ததும் ரோகிணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பாவிடம் சொல்வதில் என்ன தப்பு, ஏதாவது ஆகிவிட்டால் அவர்தானே ஓடி வர வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. எந்த வயதில் தப்பு என்று நான் திருப்பிக் கேட்டேன். பதினெட்டு என்றார். அப்படியென்றால் பதினெட்டாவது பிறந்தநாளில் நம் செயலி என்ன செய்தி அனுப்புகிறது என்று கேட்டேன். ரோகிணி கணினியில் தேடினார். எதுவும் இல்லை. அன்றைக்கு நீல அட்டை வேலை செய்யாது, அவ்வளவுதான். இனிமேல் உன் பணம் உன்னுடையது என்று யாரும் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை.

"லாஜிக் எல்லாம் உன் பக்கம்தான்மா. சந்தா கட்றவங்க அந்தப் பக்கம் இருக்காங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழி சொல்லச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 17, புதன்

வழி கிடைத்தது. கேள்வியும் அப்படியே, விடையும் அப்படியே. ஆனால் பாடம் முடிந்ததும் பெற்றோருக்கு ஒரு செய்தி போகும்:

'உங்கள் பிள்ளை இன்று நான்காம் பாடத்தை முடித்திருக்கிறார். ரகசிய எண்ணைக் கேட்டுப் பாருங்கள். உங்களிடமே சொல்ல மறுத்தால், பாடம் புரிந்துவிட்டது. பாராட்டுங்கள்.'

ரோகிணி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"போடு. அடி விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்."

மத்தியானமே அது முப்பத்தெட்டு வீடுகளுக்கும் போய்விட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பஸ்ஸில் ஏறும் வரை. கணபதியில் இறங்கும்போது அந்த வரிகளை எழுதியவளின் அட்டை எங்கே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

ஜூலை 18, வியாழன்

கேட்டுவிட்டேன்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என் கார்டு வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உனக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம்? என்ன வேணுமோ கேளு. கேட்டு நான் என்னைக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கறனா?"

சொன்னதில்லை. உண்மை.

"கேக்காம வேணும்ப்பா."

அவருக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கறா உனக்கு?"

"யாரும் சொல்லிக் குடுக்கலப்பா. நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறேன். அதுக்குத்தான் சம்பளம் வருது."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நகைச் சீட்டு ஆடிப்பெருக்கோடு முடிகிறது, அது முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் கல்யாணத்துக்காக என் சம்பளத்தில் நகைக்கடையில் சீட்டுக் கட்டுகிறார். கல்யாணம் யாரோடு, எப்போது என்று ஒன்றும் இல்லை. நகை மட்டும் முடிவாகியிருக்கிறது. உறையை எடுத்தார், மூடினார். டக்.

அம்மா என்னிடம் பிறகு சொன்னாள், நானெல்லாம் என்னைக்காவது கேட்டிருக்கறனா என்று. பெருமையாகத்தான் சொன்னாள். பதினாறு வருடம் தையல் கம்பெனிக்குப் போனவள்.

ஜூலை 19, வெள்ளி

இன்று கண்ணாடி உறை டிவி மேல் இல்லை.

ஜூலை 20, சனி

அலமாரியிலும் இல்லை. தேடியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. என் பொருளை என் வீட்டில் திருடிபோலத் தேடினேன். இனித் தேட மாட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

நான் படித்த நாவல்களில் வீட்டை எதிர்க்கும் பெண்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மழை வேறு பெய்யும். எனக்கு எங்கும் போக வேண்டாம். என் அறையும் ஜன்னலும் எனக்குப் பிடிக்கும், அம்மாவின் குழம்பு பிடிக்கும், அப்பா செய்தி பார்த்துக்கொண்டு டிவியோடு சண்டை போடுவதுகூடப் பிடிக்கும். எனக்கு வேண்டியது விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம். கைபேசி எண் எழுதும் கட்டம்.

சம்பளக் கணக்கை மாற்றுவது என்றால் இருபத்தைந்தாம் தேதிக்குள் புதுக் கணக்கின் எண்ணைத் தர வேண்டும் என்று எச்.ஆரில் சொன்னார்கள். எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே ஒரு வங்கி இருக்கிறது. ஆதாரும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு உணவு இடைவேளையில் இறங்கினேன்.

கைபேசிக் கட்டத்தில் என் பத்து எண்களை எழுதினேன். அவசரத்தில் ஒன்பது ஏழுபோல விழுந்தது. கவுன்டரில் இருந்த பெண்மணி இன்னொரு படிவம் கொடுத்தார்.

"அப்பா நம்பரே குடுத்துரலாமே. பொண்ணுங்க எல்லாம் அதான் குடுக்கறாங்க."

"வேண்டாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாரிசுக் கட்டத்தை விரலால் காட்டினார். அம்மா பெயரை எழுதினேன். இரண்டாவது படிவத்தில் ஒன்பது ஒன்பதாகவே விழுந்தது.

ஜூலை 26, வெள்ளி

ஷெரின் சாப்பிட வெளியே கூப்பிட்டாள். பசியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "காசில்லை" என்றேன்.

ஷெரின் நாகர்கோவில்காரி. இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இதச் சொல்லதுக்கு உனக்கு ஒரு வருசமாச்சாட்டீ? நான் உன்னக் கஞ்சப்பிசினாறின்னுல்லா நெனச்சேன்."

இரண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டோம். வியாழன், வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பசிக்கவே பசிக்காது என்று இந்த நாட்குறிப்பில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று சாயங்காலம் புரட்டிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

அப்பா பேப்பரில் வந்த நகைக்கடை விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார். ஒரு சங்கிலி. ஆடிப்பெருக்கன்று போய் இதே டிசைனை எடுத்துவிடலாம், இந்த மாதச் சம்பளம் வந்தால் சரியாக இருக்கும் என்று என்னிடம் காட்டினார். ஓரங்களைக் கோணாமல் வெட்டியிருந்தார். ஒன்றாம் வகுப்பில் என் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது இதே கைதான்.

அவர் எனக்கென்று சேர்க்கிறார். தனக்காக ஒரு சட்டைகூட அதிலிருந்து எடுத்ததில்லை. இதை எழுதாவிட்டால் இந்த நாட்குறிப்பு பொய்யாகிவிடும்.

சங்கிலி அழகாகவே இருந்தது. எனக்கு வேண்டாம்ப்பா என்றேன். பொண்ணுங்க எல்லாம் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

ஜூலை 30, செவ்வாய்

கூரியரில் அலுவலகத்துக்கு வந்தது. பச்சை அட்டை. கீழே என் பெயர், பிரகதி செல்லமுத்து. பெயரைக்கூட அப்பா இல்லாமல் அவர்களால் அச்சடிக்க முடியவில்லை. அது பரவாயில்லை.

ஏடிஎம்மில் ரகசிய எண் வைத்தேன். அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. 'யாரிடமும்' என்பதில் நாட்குறிப்பும் சேர்த்திதான்.

ஜூலை 31, புதன்

நாளை.

முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று மூன்று நாட்களாக யோசிக்கிறேன். சொன்னால் பேச்சு வரும், அம்மா அழுவாள், பெரியப்பாவை அழைப்பார்கள், கடைசியில் நான் இளகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் வராத செய்திக்காக அவர் காத்திருப்பதை நினைத்தாலும் தாங்கவில்லை. ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்று அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நானே சொல்வேன், பணம் வந்த அதே நிமிடத்தில்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பதினொன்று பதினெட்டுக்கு மேசைமேல் என் கைபேசி அதிர்ந்தது. வங்கியின் செய்தி. இரண்டு முறை படித்தேன். இப்படித்தான் இருக்குமா இது! அப்பா இதைத்தான் ஒவ்வொரு மாதமும் எனக்கு முன்னால் படித்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படிக்குப் போய் அவரை அழைத்தேன்.

"அப்பா, சம்பளம் வந்துருச்சு."

"இல்லியே கண்ணு, எனக்கு இன்னும் வரலியே."

"எனக்கு வந்துருச்சுப்பா."

லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடந்து வெளியே வருவதும் சத்தம் பின்னால் போவதும் கேட்டது. புதுக் கணக்கு தொடங்கியதைச் சொன்னேன். கார்டு என் கையில் இருப்பதைச் சொன்னேன். வீட்டுக்கு மாதம் எவ்வளவு தர வேண்டும் என்று சாயங்காலம் உட்கார்ந்து பேசுவோம், அதை நானே கொண்டுவந்து தருவேன், சீட்டு இனி வேண்டாம், இதுவரை சேர்ந்தது சேர்ந்ததாகவே இருக்கட்டும் என்றேன். எல்லாவற்றையும் காலையிலேயே மாடிப்படியில் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"எல்லாம் உன்ற பேர்லதான கண்ணு இருந்துச்சு."

"பேர்ல இருந்துச்சுப்பா. கையில இல்ல."

வெளியே ஒரு லாரி பின்னால் வரும் சத்தம், யாரோ வா வா என்று கத்துவது எல்லாம் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கார்டுக்கு நம்பரு என்ன வெச்சே?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "சொல்லி வெய்யி. நாளைக்கு நீ மறந்துட்டீன்னா?"

கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லிவிடுவது அவ்வளவு எளிது. நான்கே எண்கள். சொன்னால் சாயங்காலம் அமைதியாக இருக்கும்.

"அப்பா, அந்த ஏழாவது கேள்வி ஞாபகம் இருக்கா? குருவி தலையாட்டுச்சே."

"ம்."

"அது தப்பாப் போட்டதில்லப்பா. நான்தான் போட்டேன்."

நான் வைக்கவில்லை. அவராக வைக்கும் வரை காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வைக்கும் முன் "சரி, வெயில்ல நிக்காத" என்றார். நான் வெயிலில் நிற்கவில்லை. அவர்தான் நின்றிருப்பார்.

வீட்டுக்குப் போகும் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அங்கே என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்த நான்கு எண்களை நான் சொல்லப் போவதில்லை. அழுதாலும் இல்லை, பெரியப்பா வந்தாலும் இல்லை.

அதற்கு முன் கீழே பேக்கரிக்குப் போனேன். முட்டை பப்ஸ் ஒன்று, டீ ஒன்று. கடைக்காரர் பச்சை அட்டையை வாங்கிப் பார்த்து, இதுக்குப் போயி கார்டா என்றார். ஆமாம் என்றேன். தேய்த்தார்.

செய்தி வந்தது. எனக்கு மட்டும்.